அமெரிக்காவில் இன, பாலினச் சமத்துவம்: முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பது?

கேள்வி: வியாசை மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் சிலரில் நானும் ஒருவன். எங்கள் மாணவர்கள் அடுத்த மாதம் ஒரு விவாத அரங்கு நடத்தவிருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகத்திலும் அரசாங்கத்திலும் இன, பாலினச் சமத்துவம் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பது அவர்களே தேர்ந்தெடுத்த தலைப்பு.

முதல் அணியின் வாதம் இது: 2008இல் பராக் ஒபாமா அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், நம் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2021இல் துணை அதிபரானார், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளில் 4 பேர் பெண்கள், ஆகவே பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது. எதிரணியோ 2020இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டதையும், 2016இலும் 2024இலும் அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட இரண்டு பெண்களும் தோற்றதையும் காட்டி, எதுவுமே மாறவில்லை என்கிறது.

இரண்டு பக்கமும் ஆட்களையும் சம்பவங்களையும் எண்ணுவதோடு நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. எந்தச் சட்டம் உண்மையிலேயே மக்களின் வாழ்க்கையை மாற்றியது, எது காகிதத்திலேயே தங்கிவிட்டது, அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்பதை அவர்களுக்கு விளக்க விரும்புகிறேன். இதைப் படித்தவர்களும் இதில் அக்கறை உள்ளவர்களும் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள். நம் பகுதியின் அனுபவத்தோடு பொருத்திக்காட்ட முடியுமானால் நல்லது. ஆனால் வலிந்து பொருத்த வேண்டாம்.

பதில் 1: இராயபுரம் வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, உங்கள் மாணவர்கள் 2008இலிருந்து கணக்கைத் தொடங்குவதுதான் சிக்கல். 1870இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அந்த ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் அமெரிக்க செனட் சபையில் அமர்ந்தார். அதே ஆண்டில் தென் கரோலினாவின் ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபையில் நுழைந்தார். ரெய்னி அடிமையாகப் பிறந்தவர். 1865இன் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது, 1868இன் 14ஆவது திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் தந்தது, 1870இன் 15ஆவது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கூட்டாட்சி இராணுவம் நின்றிருந்ததால் இந்த எழுத்துகளுக்கு உயிர் இருந்தது.

1877இல் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதன்பின் நடந்ததை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனெனில் உரிமையைப் பறிப்பதற்காக நாட்டின் அரசியலமைப்பில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. 1890இல் மிசிசிப்பி தன் மாநில அரசியலமைப்பைத் திருத்தி எழுதி, வாக்களிப்பதற்குத் தனி வரி, அரசியலமைப்பின் பகுதியை வாசிக்கவோ விளக்கவோ வேண்டும் என்ற தேர்வு ஆகியவற்றைக் கொண்டுவந்தது. தேறினாரா இல்லையா என்பதைப் பதிவு அலுவலரே முடிவு செய்தார். மற்ற தென் மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. 1901இல் வட கரோலினாவின் ஜார்ஜ் ஹென்றி வைட் பதவிக்காலம் முடிந்து வெளியேறியபோது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லை. அடுத்தவர் சிகாகோவிலிருந்து 1929இல்தான் வந்தார். அந்த 28 ஆண்டுகளிலும் 15ஆவது திருத்தம் அதே இடத்தில், அதே சொற்களோடு இருந்தது.

இதற்கு நேர்மாறானது 1965இன் வாக்குரிமைச் சட்டம். கல்வியறிவுத் தேர்வுகளை நிறுத்தியதோடு, மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்த இடங்களுக்குக் கூட்டாட்சி அலுவலர்களையே அனுப்பி வாக்காளர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதியில் சிறு மாற்றம் செய்ய வேண்டுமானாலும் முன்கூட்டியே வாஷிங்டனின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது. விளைவைப் பாருங்கள்: மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவரில் 1965இல் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள், 1967இல் அது 60 விழுக்காட்டை எட்டியது. 95 ஆண்டுகளாக ஒரு திருத்தத்தால் முடியாததை இரண்டே ஆண்டுகளில் ஒரு சட்டம் சாதித்ததற்குக் காரணம், மீறுபவரிடம் யார் போய்க் கேட்பார் என்பது அதில் எழுதப்பட்டிருந்ததுதான்.

2013இல் ஷெல்பி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், எந்தெந்த மாநிலங்கள் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்று வகுத்த பிரிவைச் செல்லாதென்றது. அதற்கு முந்தைய ஆண்டில் தடுக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக டெக்சாஸ் அந்தத் தீர்ப்பு வந்த அன்றைக்கே அறிவித்தது. ஒபாமா அப்போது அதிபர் பதவியில் இருந்தார் என்பதை முதல் அணிக்குச் சொல்லுங்கள்.

பொருத்திக்காட்டுவது பற்றிக் கேட்டீர்கள். டாக்டர் அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். எனவே இந்த ஒப்பீடு நாம் புதிதாக வலிந்து செய்வதன்று.

பதில் 2: தண்டையார்பேட்டை வழக்கறிஞர்

ஆசிரியர் ஐயா வாக்குரிமையை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பெண்கள் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இனத்தையும் பாலினத்தையும் தனித்தனி அட்டவணைகளாக வைத்தால் இரண்டிலும் விடுபட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

1920இல் 19ஆவது திருத்தம் நிறைவேறியதும் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததாகப் பாடநூல்கள் சொல்கின்றன. வெள்ளையினப் பெண்களைப் பொறுத்தவரை அது சரி. தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு அது 1965 வரை பெரும்பாலும் வெறும் எழுத்து. மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்துவந்த ஃபேனி லூ ஹேமர் 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். அதற்காகவே பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா என்ற ஊரின் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார்; அந்தக் காயங்களின் பாதிப்பு வாழ்நாள் முழுதும் இருந்தது. 1964இல் ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில், தொலைக்காட்சி முன்னால், அவர் அளித்த சாட்சியம்தான் அந்த நாட்டின் வாக்குரிமைப் போராட்டத்தை மிசிசிப்பிக்கு வெளியே பல வீடுகளுக்குள் கொண்டுசென்றது. உங்கள் மாணவிகள் ஒரே ஒருவரைப் பற்றி விரிவாகப் படிப்பதென்றால், துணை அதிபர்களுக்கு முன் இவரைப் படிக்கட்டும். (சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இலேயே வாக்குரிமை வந்தது என்று நாம் பெருமைப்படுகிறோம், அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.)

நீதிமன்றங்கள் பெண்கள் விஷயத்தில் இன்னும் தாமதித்தன. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்ற உறுதி 1868இல் எழுதப்பட்டது. ஒரு பெண்ணைப் பாலினத்தின் காரணமாக ஒதுக்கிய சட்டம் அந்த உறுதிக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலாகச் சொன்னது 1971இல், ரீட் வழக்கில். ரூத் பேடர் கின்ஸ்பர்க் அந்த வழக்கின் வாதுரையை எழுதியவர்களில் ஒருவர். 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, கணவரின் கையெழுத்து இல்லாமல் மணமான பெண்ணுக்கு வங்கிகள் கடன் மறுப்பது வழக்கமாக இருந்தது. 1972இல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டத்தின் முதன்மை ஆசிரியர்களில் ஒருவர் ஹவாயின் பேட்ஸி மிங்க். மருத்துவக் கல்லூரிகள் இடம் தர மறுத்ததால் சட்டம் படித்து, காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வெள்ளையரல்லாத பெண் ஆனவர் அவர். அந்தச் சட்டம் பலித்ததற்குக் காரணம், பாகுபாடு காட்டும் கல்லூரிக்குக் கூட்டாட்சி நிதி நிற்கும் என்று அது அச்சுறுத்தியதுதான். ஐயா சொன்ன அதே விதி இங்கும் பொருந்துகிறது.

பாலினத்தைக் காரணம் காட்டி உரிமையை மறுக்கக் கூடாது என்ற சமவுரிமைத் திருத்தமோ 1972இல் காங்கிரஸைக் கடந்து, 38 மாநிலங்களின் ஒப்புதலுக்குக் காத்திருந்து, 1982இல் கெடு முடிந்தபோது 35இலேயே நின்றது. பிற்பாடு நெவாடா, இல்லினாய், கடைசியாக 2020இல் வர்ஜீனியா ஒப்புதல் அளித்தும், கெடு கடந்துவிட்டது என்ற காரணத்தால் அது இன்னும் அரசியலமைப்பில் வெளியிடப்படவில்லை. கருக்கலைப்பு உரிமையை 1973இல் ஏற்ற உச்ச நீதிமன்றமே 2022இல் அதைத் திரும்பப் பெற்றது. பாதை ஒரே திசையில்தான் போகும் என்று எந்த அணி சொன்னாலும் இதை முன்வையுங்கள்.

பதில் 3: பெரம்பூர்த் தொழிற்சங்கத் தோழர்

வாக்கும் நீதிமன்றமும் போதா. கூலியையும் வீட்டையும் பேசாமல் சமத்துவத்தைப் பேச முடியாது. நான் ரயில்வேயில் பணிபுரிந்தவன் என்பதால் ரயிலிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க ரயில்களின் படுக்கைப் பெட்டிகளில் பணியாளர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1937 வரை ஆனது. அதே ராண்டால்ஃப் 1941இல், போர்த் தளவாட ஆலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை மறுக்கப்படுவதைக் கண்டித்து வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்துவேன் என்று அறிவித்தார். பேரணி நடக்கும் முன்பே அதிபர் ரூஸ்வெல்ட் அந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டார். அமைப்பாகத் திரண்ட தொழிலாளரைக் கண்டு அரசு இறங்கிவந்தது.

அதே ரூஸ்வெல்ட் ஆட்சியில்தான் 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. இரண்டிலும் விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் விடுபட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களும் பெண்களும் பெருமளவில் செய்த வேலைகள் அவைதாம். இனம் என்ற சொல் எங்குமே இல்லாத சட்டங்கள் இனத்தின் வழியாகவே மக்களைப் பிரித்தன. வீட்டு வேலை செய்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 1974இல்தான் சட்டமானது.

நான் மாணவர்களிடம் மிகவும் சொல்ல விரும்புவது மெம்ஃபிஸ் நகரத்தைப் பற்றி. 1968 பிப்ரவரி 1ஆம் நாள், மழையின்போது குப்பை லாரியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், அதன் நசுக்கும் இயந்திரம் இயங்கியதால் உயிரிழந்தார்கள். பழுதான லாரிகளைப் பற்றி அதற்கு முன்பே புகார் சொல்லியிருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. ஏறத்தாழ 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் பிப்ரவரி 12இல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சங்க அங்கீகாரமும் கூலி உயர்வும் கேட்ட அவர்கள் கையில் பிடித்த பதாகையில் 'நான் ஒரு மனிதன்' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் நகர நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. அவர் இறந்த ஒரே வாரத்தில், பல காலம் காங்கிரஸில் இழுபட்டுக்கொண்டிருந்த நியாயமான குடியிருப்புச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்தின் முன் உட்கார்ந்திருந்த இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்களை நேரில் பார்த்த மாணவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால், மெம்ஃபிஸைப் பற்றி அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

வீட்டுக்கு வருகிறேன். 1930களிலிருந்து கூட்டாட்சி அரசின் வீட்டுக் கடன் அமைப்புகள், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று வரைபடத்தில் சிவப்பில் குறித்து, அங்கே கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தன. போருக்குப் பின் வெள்ளையினக் குடும்பங்கள் அரசு உத்தரவாதத்தோடு புறநகரில் வீடு வாங்கின; அந்த வீட்டின் விலையேற்றம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பாக மாறியது. 1968 சட்டம் பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆனால் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சொத்தை அது யாருக்கும் ஈடுசெய்யவில்லை. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பில், வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து ஏறத்தாழ 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது ஏறத்தாழ 45,000 டாலர். என்னைக் கேட்டால், வெள்ளை மாளிகையில் யார் குடியிருந்தார் என்பதைவிட இந்த இரண்டு எண்களே முக்கியமான அளவுகோல்.

தொழிலாளர் என்பதாலேயே ஒற்றுமை தானாக வந்துவிடாது என்பதும் உண்மை. அமெரிக்காவின் பல சங்கங்கள் கறுப்பினத்தவரை நெடுங்காலம் உறுப்பினராகவே சேர்க்கவில்லை. நம் பக்கத்தில் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மற்றவர்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டு, புளியந்தோப்பு தீப்பற்றி எரிந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றை 1918இல் பெற்றெடுத்த அதே இடத்தில் அது நடந்தது.

பதில் 4: எண்ணூர்க் கல்லூரி மாணவி

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடத்தில், நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணைப் புதைக்க மாநில அரசு கிடங்கு அமைத்தது. மக்கள் லாரிகளின் குறுக்கே சாலையில் படுத்தார்கள், 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள், கிடங்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் குப்பையும் புகையும் யார் வீட்டுக்கு அருகில் போய்ச் சேர்கின்றன என்ற கேள்வி அங்கிருந்துதான் நாடு முழுதும் எழுந்தது. 1994இல் அதிபர் கிளின்டன் கூட்டாட்சித் துறைகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று நிர்வாக ஆணை பிறப்பித்தார். அது 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப்பால் நீக்கப்பட்டது. சட்டமன்றம் நிறைவேற்றாமல் ஒருவர் கையெழுத்தால் வந்த உரிமை இன்னொருவர் கையெழுத்தால் போகும் என்பதற்கு இது நல்ல சான்று. சாம்பல் கலந்த கொசஸ்தலை ஆற்றைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த வழக்கு தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

மீண்டும் வியாசை மாலைவகுப்பு

ஐயாவுக்கும், அம்மாவுக்கும், தோழருக்கும், தங்கைக்கும் நன்றி. அரங்கின் கேள்வியையே மாற்றிவிடலாம் என்று மாணவர்களிடம் சொல்லப்போகிறேன். ஆனால் அவர்கள் நிச்சயம் கேட்கப்போகும் ஒன்றை இங்கேயே கேட்டுவிடுகிறேன். எழும்பூரும் திரு.வி.க. நகரும் நமக்குத் தனித்தொகுதிகள். சென்னை மாநகராட்சியில் பாதி வார்டுகள் பெண்களுக்கு. அமெரிக்காவில் இப்படி இடஒதுக்கீடு இல்லையா? இல்லையென்றால் அங்கே பிரதிநிதித்துவம் எப்படி உயர்ந்தது?

பதில் 5: தண்டையார்பேட்டை வழக்கறிஞர்

சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக அவர்களிடம் இருப்பது தொகுதி எல்லையை வரையும் முறை. ஒரு பகுதியில் சேர்ந்து வாழும் கறுப்பின வாக்காளர்களை நான்கைந்து தொகுதிகளில் சிதறவிட்டால் எங்குமே அவர்கள் விரும்பும் வேட்பாளர் வெல்ல முடியாது. 1982இல் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, நோக்கம் எதுவாயினும் விளைவு பாகுபாடானால் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம் என்று காங்கிரஸ் சேர்த்தது. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் அதன்படி தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. 1992இல் வட கரோலினாவிலிருந்து ஈவா கிளேட்டன், மெல் வாட் இருவரும் வென்றார்கள். ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட ஜார்ஜ் வைட்டுக்குப் பிறகு, 91 ஆண்டுகள் கழித்து, அந்த மாநிலம் அனுப்பிய முதல் கறுப்பினப் பிரதிநிதிகள் அவர்கள். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதே மாநிலத்தின் வழக்கில், இனத்தை முதன்மையாக வைத்துத் தொகுதி வரைவதும் கேள்விக்குரியதே என்றது. அந்த இழுபறி இன்றுவரை தொடர்கிறது.

கல்லூரிச் சேர்க்கையில் எண்ணிக்கை வைத்து இடம் ஒதுக்குவதை 1978இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகக் கருதுவதை மட்டும் அனுமதித்தது. 2023இல் ஹார்வர்ட் வழக்கில் அதையும் பெருமளவில் மூடியது. கூட்டாட்சி அரசின் ஒப்பந்ததாரர்கள் பாகுபாடின்றி ஆளெடுக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று 1965இல் ஜான்சன் பிறப்பித்த ஆணை, எண்ணூர்த் தங்கை சொன்ன ஆணையோடு சேர்த்து 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. நம் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டத்தை 1993 டிசம்பரில் சட்டமன்றம் நிறைவேற்ற, நீதிமன்றம் எளிதில் கைவைக்க முடியாதபடி 1994இல் பாராளுமன்றம் அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையிலும் சேர்த்த பின்னணியை மாணவர்கள் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

பெண்கள் விஷயத்தில் நாம் பணிவோடு பேச வேண்டும். எந்த ஒதுக்கீடும் இல்லாமலே அமெரிக்கக் காங்கிரஸில் பெண்களின் பங்கு இன்று நான்கில் ஒன்றைத் தாண்டியிருக்கிறது. நம் மக்களவையின் 543 இடங்களில் 2024இல் வென்ற பெண்கள் 74 பேர். தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 2021இல் வென்றவர்கள் 12 பேர். ஒதுக்கீடு இருக்கும் மாநகராட்சியிலோ, 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டு, வடசென்னையின் ஒரு வார்டிலிருந்து பிரியா ராஜன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். பாராளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்ற 2023இன் அரசியலமைப்புத் திருத்தத்தை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடு நிறைவேற்றினார்கள். அந்த நிபந்தனையை உங்கள் மாணவர்கள் 15ஆவது திருத்தத்துக்கும் 1965 சட்டத்துக்கும் நடுவே வைத்து, எந்தப் பக்கத்துக்கு அது நெருக்கமானது என்று விவாதிக்கட்டும்.